இருமுறை கவிழ்க்கப்பட்ட ஆளுநர்

1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். வட நைஜீரியாவின் கடுனா நகரிலிருந்து ஒரு லேண்ட் ரோவர் தெற்கு நோக்கி விரைந்தது. அதில் இருந்தவர் மேஜர் சாமுவேல் ஓக்பெமூடியா, கடுனாவில் இருந்த முதலாம் பிரிகேடின் பிரிகேட் மேஜர். அவரைக் கொல்லத் தேடியவர்கள் அதே முகாமில் அவரோடு சோறுண்ட ராணுவத்தினர். லெப்டினன்ட் புகா சுகா டிம்கா என்ற இளம் அதிகாரியின் ஆட்கள் பின்னாலேயே துரத்தி வந்தார்கள். ஆபத்தை முன்கூட்டிச் சொல்லி, வண்டியும் கொடுத்து அவரை அனுப்பி வைத்தவர்கள் மேஜர் அப்பா கியாரியும் ஹசன் கட்சினாவும். இருவருமே வடக்கத்தியர்கள். துரத்தல் மேற்குப் பிரதேசத்தின் ஓவோ ஊர் வரை நீண்டது. அங்கே காட்டுக்குள் இறங்கித் தப்பிய ஓக்பெமூடியா, ஒருவழியாகத் தம் சொந்த ஊரான பெனின் நகரம் வந்து சேர்ந்தார்.

அந்த ஆண்டு நைஜீரிய ராணுவம் தன் அதிகாரிகளைத் தானே கொன்றுகொண்டிருந்தது. ஜனவரி 15 அன்று, பெரும்பாலும் இக்போ இனத்தவரான சில இளம் மேஜர்கள் பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவாவையும் வடக்குப் பிரதேச முதல்வர் அகமது பெல்லோவையும் மேலும் பலரையும் கொன்றார்கள். புரட்சி தோற்றது. ஆனாலும் ஆட்சி ராணுவத் தளபதி அகுயி-இரோன்சியின் கைக்குப் போனது. நாட்டின் நான்கு பிரதேசங்களுக்கும் அவர் ராணுவ அதிகாரிகளை ஆளுநர்களாக அமர்த்தினார்: வடக்கில் ஹசன் கட்சினா, கிழக்கில் ஒஜுக்வு, மேற்கில் ஃபஜுயி, மத்திய மேற்கில் எஜூர். நைஜீரியாவில் 'ராணுவ ஆளுநர்' என்ற பதவி பிறந்தது அப்போதுதான்.

பிறந்த ஏழாம் மாதமே அந்தப் பதவி ரத்தம் பார்த்தது. ஜூலை 29 அன்று வடக்கத்திய ராணுவத்தினர் பதிலடி கொடுத்தார்கள். இபடான் நகரில் விருந்தினராகத் தங்கியிருந்த இரோன்சியோடு, அவரை உபசரித்த ஆளுநர் ஃபஜுயியும் கொல்லப்பட்டார். அடுத்தடுத்த நாட்களில் முகாம் முகாமாகத் தெற்கத்திய அதிகாரிகள் வேட்டையாடப்பட்டார்கள். கிழக்கத்தியர்களுக்குத்தான் பேரிழப்பு. ஓக்பெமூடியா இக்போ அல்லர், எடோ. ஆனால் அந்த வெறியில் அந்த வேறுபாடு அவருக்கு உயிர்க்காப்பாக இருந்திருக்காது.

எந்தப் படையிலிருந்து உயிர் தப்பி ஓடினாரோ அந்தப் படையின் சார்பாகவே அவர் அடுத்த ஆண்டு முதல் எட்டாண்டுகள் ஒரு மாநிலத்தை ஆண்டார். பிறகு இரண்டு முறை அதே படையால் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். நைஜீரியாவின் நாற்பதாண்டு அரசியலை ஒரே மனிதரின் வாழ்க்கையில் படிக்க வேண்டுமானால், அதற்கு இவரைப் போல் பொருத்தமானவர் வேறொருவர் இல்லை.

ஓக்பெமூடியா 1932 செப்டம்பர் 17 அன்று பெனின் நகரில் பிறந்தார். ஓபா என்னும் அரசர்களின் தலைநகரம் அது. 1897இல் ஆங்கிலேயப் படை அரண்மனையை எரித்து, ஆயிரக்கணக்கான வெண்கலச் சிற்பங்களையும் தந்த வேலைப்பாடுகளையும் அள்ளிச் சென்ற நகரம். அந்தச் சூறையாடலுக்கு 35 ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளை, வளர்ந்து அதே ஆங்கிலேயர்களின் காலனியப் படையில் சேர்ந்தார். இன்றைய கானாவின் டெஷியிலும் இங்கிலாந்திலும் பயிற்சி பெற்றார். 1960இல் ஆல்டர்ஷாட்டில் அதிகாரிகளுக்கான பயிற்சி, 1961இல் செகண்ட் லெப்டினன்ட் பதவி. பிறகு ஐ.நா. அமைதிப்படையோடு காங்கோவுக்குப் போனார்.

1964இல் அவர் டாங்கனிக்கா போனார். அந்த ஆண்டு ஜனவரியில் அந்நாட்டுப் படை கலகம் செய்திருந்தது. கலகத்தை அடக்க அழைத்த ஆங்கிலேயத் துருப்புகளுக்குப் பதிலாக ஓர் ஆப்பிரிக்க நாட்டின் படை வேண்டும் என்று ஜூலியஸ் நைரேரே கேட்டபோது நைஜீரியா தன் பட்டாலியனை அனுப்பியது. ஒரு நாடு உடைந்து சிதறுவதைக் காங்கோவில் பார்த்தவர், படை கலகம் செய்த நாட்டில் காவலுக்கு நின்றவர், ஊர் திரும்பிய இரண்டே ஆண்டுகளில் இரண்டையும் சொந்த நாட்டில் கண்டார்.

அவர் தப்பி வந்து சேர்ந்த மத்திய மேற்குப் பிரதேசத்துக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. மிட்-வெஸ்ட் என்று எல்லோரும் அழைத்த அந்தப் பிரதேசம் மக்கள் வாக்கெடுப்பால் பிறந்தது. 1963 ஜூலையில் எடோ, உர்ஹோபோ, இட்செகிரி, இஜா, மேற்குக்கரை இக்போ என்று பல இனத்தாரும் வாக்களித்து மேற்குப் பிரதேசத்திலிருந்து பிரிந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று புதிய பிரதேசம் உதயமானது. நைஜீரியாவில் பின்னர் உருவான மாநிலங்கள் அனைத்தும் ராணுவ ஆட்சியாளர்களின் கையெழுத்தில் பிறந்தவை.

சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 ஆகஸ்ட் 9 விடியலில், பியாஃப்ரா படைகள் நைஜர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து அசாபா வழியாக மிட்-வெஸ்டுக்குள் நுழைந்தன. மே 30 அன்று ஒஜுக்வு கிழக்கைப் பியாஃப்ரா என்ற தனிநாடாக அறிவித்திருந்தார், ஜூலையில் போர் மூண்டிருந்தது. ஆளுநர் டேவிட் எஜூர் தம் மண் போர்க்களமாகக் கூடாது என்று நடுநிலைக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய படைப்பிரிவின் அதிகாரிகளில் பலர் இக்போக்கள். எதிர்ப்பு எதுவும் இல்லாமல், வந்த அன்றே பெனின் நகரம் விழுந்தது.

படையெடுப்புக்குத் தலைமை தாங்கிய விக்டர் பான்ஜோ ஒரு யொருபா. லாகோஸ் நோக்கி முன்னேறிய அவருடைய படை ஓரே என்ற ஊரோடு நின்றுபோனது. பெனினில் நிர்வாகியாக அமர்த்தப்பட்ட ராணுவ மருத்துவர் ஆல்பர்ட் ஒகொன்க்வோ, செப்டம்பர் 19 அன்று 'பெனின் குடியரசு' என்று ஒரு சுதந்திர நாட்டை அறிவித்தார். மறுநாளே முர்தலா முகமதுவின் தலைமையில் கூட்டாட்சி ராணுவத்தின் இரண்டாம் டிவிஷன் நகருக்குள் நுழைந்தது. ஒரு நாள் ஆயுள் கொண்ட குடியரசு! பான்ஜோவை அந்த வாரமே எனுகுவில் பியாஃப்ரா அரசு சுட்டுக் கொன்றது.

மீட்புப் போரில் கூட்டாட்சித் தரப்பில் நின்ற ஓக்பெமூடியா, செப்டம்பர் 21 அன்று மிட்-வெஸ்டின் நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். 35 வயது நிறைந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன. அக்டோபர் 26 அன்று முழு ஆளுநரானார்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அசாபா இருக்கிறது. அதைக் கடந்து அரங்கங்களையும் கல்லூரிகளையும் பேசப் போவது நியாயமாகாது.

பெனின் நகரம் மீட்கப்பட்ட கையோடு அங்கே வாழ்ந்த இக்போ குடிமக்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் டிவிஷன் கிழக்கே நகர்ந்து, அக்டோபர் 5 அன்று அசாபாவை அடைந்தது. பியாஃப்ரா படையினர் அதற்குள் ஆற்றைக் கடந்து, பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அகப்பட்டவர்கள் ஊர்மக்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, கொலைகள் தொடங்கின. இதை நிறுத்த ஒரே வழி விசுவாசத்தை வெளிப்படையாகக் காட்டுவதுதான் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அக்டோபர் 7 அன்று ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் 'அக்வா ஓச்சா' என்ற வெள்ளைத் துணி உடுத்தி, ஒன்றுபட்ட நைஜீரியாவை வாழ்த்தி ஆடிப்பாடித் தெருவில் வந்தார்கள். படையினர் பெண்களையும் சிறு குழந்தைகளையும் ஒதுக்கினார்கள். ஆண்களையும் வளர்ந்த சிறுவர்களையும் ஒரு சதுக்கத்தில் கூட்டி, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள்.

அந்த நாட்களில் அசாபாவில் இறந்தவர்கள் 500 முதல் 1000 வரை இருக்கலாம் என்பது பின்னாளைய ஆய்வாளர்களின் கணிப்பு. பல குடும்பங்களில் ஓர் ஆணும் மிஞ்சவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்காகத் தொடர் ஓட்டத்தில் ஓடிய சிட்னி அசியோடு கொல்லப்பட்டவர்களில் ஒருவர். எந்த நாட்டின் சட்டையை அணிந்து ஓடினாரோ அந்த நாட்டின் துப்பாக்கி அவரைக் கொன்றது. உயிர் தப்பியவர்கள் பலர் தங்கள் சாட்சியத்தில் மேஜர் இப்ராகிம் டைவோவின் பெயரைச் சொன்னார்கள். அவர் பின்னாளில் க்வாரா மாநிலத்தின் ராணுவ ஆளுநரானார்.

இரண்டாம் டிவிஷன் முர்தலாவின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டது. புதிய நிர்வாகி ஓக்பெமூடியாவுக்கு அதன் மீது அதிகாரம் இல்லை. ஆனால் கொல்லப்பட்டவர்கள் அவருடைய மாநிலத்துக் குடிமக்கள். அவர் பொறுப்பேற்ற மூன்றாம் வாரத்தில் இது நடந்தது. அவரோ கூட்டாட்சி அரசோ யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. நாட்டுத் தலைவராக இருந்த யாகுபு கோவன் அசாபா மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2002இல்தான், 35 ஆண்டுகள் கழித்து. மிட்-வெஸ்டின் பொற்காலம் என்று பிறகு புகழப்பட்ட எதுவும் இந்த மண்ணின் மேல்தான் எழுந்தது.

எழுந்தது என்பதும் உண்மை. போர் இன்னும் ஓயாத 1968இலேயே 'நைஜீரியன் அப்சர்வர்' நாளிதழை மாநில அரசு தொடங்கியது. 1970 நவம்பரில், பியாஃப்ரா சரணடைந்து பத்து மாதத்தில், பெனின் நகரில் ஒரு தொழில்நுட்பக் கழகம் திறக்கப்பட்டது. அதுவே பெனின் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1973இல் அதன் போதனா மருத்துவமனை வந்தது. மாநிலத்துக்கென்று தொலைக்காட்சி நிலையம் வந்தது. பிற்பாடு 'ஹோட்டல் டி ஜோர்டன்' என்ற பிட்ஜின் ஆங்கில நகைச்சுவைத் தொடர் நாடெங்கும் ரசிகர்களைப் பெற்றது அந்த நிலையத்தில் வளர்ந்த கலைஞர்களால்தான். கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்ல ஒரு வாரியம், ஊர்களை இணைக்க அரசுப் பேருந்து நிறுவனம், அக்பெடேயில் இயந்திரப் பண்ணை, நகரில் அகலமான சாலைகள் எல்லாம் வந்தன.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? எண்ணெயிலிருந்து. எண்ணெய் எந்த மாநிலத்து மண்ணில் கிடைக்கிறதோ அந்த மாநிலத்துக்கு வருவாயில் பெரும்பங்கு தரும் ஏற்பாடு அப்போது நடப்பில் இருந்தது. 1970இல் அந்தப் பங்கு 45 விழுக்காடு. 1975இல் அது 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இடையில் 1973-74இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறியது. மிட்-வெஸ்டும் ரிவர்ஸ் மாநிலமும்தான் எண்ணெய் வளத்தில் முன்னணியில் இருந்தவை. ஆக, ஓக்பெமூடியாவின் ஆட்சிக்காலமும் அவருடைய மாநிலத்துக்குப் பணம் மிகுதியாக வந்த காலமும் ஒன்றாகவே அமைந்தன. அவருக்குப் பின் வந்த எந்த ஆளுநருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவருடைய சாதனையை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

ஆனால் பணம் இருந்த இடத்திலெல்லாம் பல்கலைக்கழகம் முளைத்துவிடவில்லை. பணத்தைக் கொண்டு எதைச் செய்வது என்ற தெளிவு அவரிடம் இருந்தது. அதற்கு மிகச் சிறந்த சான்று விளையாட்டு. ஐந்து பெரிய இனங்களும் பல சிறிய இனங்களும் கலந்து வாழும் மாநிலம், அதுவும் இனப்போரால் பிளந்து கிடந்த மாநிலம். அங்கே இக்போப் பையனும் எடோப் பையனும் ஒரே சட்டையை அணிந்து ஒரே அணிக்கு ஆட வேண்டும் என்பது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல. அவர் பெனினில் ஒக்பே அரங்கத்தைக் கட்டினார். அஃபுசேயில் விளையாட்டுப் பயிற்சிக்கென்றே ஒரு நிறுவனத்தை உருவாக்கினார். பள்ளி விளையாட்டுக்குப் பணம் ஒதுக்கினார், பயிற்சியாளர்களை அமர்த்தினார்.

பலன் கண்முன்னே வந்தது. 1972இல் பெனின் நகரின் கால்பந்து அணி நாட்டின் சேலஞ்ச் கோப்பையை வென்றது. பெண்டல் இன்சூரன்ஸ் என்ற பெயரில் நாடறிந்த அணி அதுவே. போரின் காயங்களை ஆற்றும் நோக்கத்தோடு 1973இல் லாகோஸில் முதல் தேசிய விளையாட்டு விழா நடந்தபோது மிட்-வெஸ்ட் முதலிடம் பிடித்தது. லாகோஸும் அல்ல, மக்கள்தொகையில் பன்மடங்கு பெரிய வட மாநிலங்களும் அல்ல. அடுத்து வந்த விழாக்களிலும் அந்த மாநிலத்தின் ஆதிக்கம் நீடித்தது. 1978 கோப்பை இறுதிப் போட்டியில் பெண்டல் இன்சூரன்ஸ் எனுகு ரேஞ்சர்ஸை 3-0 என்று வீழ்த்தியது. போரில் தோற்ற இக்போ மக்களின் தன்மானமே அந்த ரேஞ்சர்ஸ் அணி. பத்தாண்டுக்கு முன் நைஜர் ஆற்றின் இரு கரையிலிருந்தும் சுட்டுக்கொண்டவர்கள் இப்போது தொண்ணூறு நிமிடம் பந்தோடு மோதிவிட்டு வீடு திரும்பினார்கள்.

இந்த வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. ராணுவ ஆளுநருக்குச் சட்டமன்றம் கிடையாது. அவருடைய அமைச்சரவையில் இருந்தவர்கள் அவரே நியமித்த ஆணையர்கள். அவர் கையெழுத்திட்டால் அது எடிக்ட், மாநிலத்தின் சட்டம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு நிலம் வேண்டுமா, ஒரு நிறுவனத்தை ஏற்படுத்த வேண்டுமா, கேள்வி கேட்க யாரும் இல்லை. நல்லெண்ணம் கொண்ட ஒருவரின் கையில் இது வரமாகத் தெரிந்தது.

வேறொருவரின் கையில் அது எப்படி இருந்தது என்பதற்கு 1973 ஜூலை 30 ஒரு சாட்சி. பக்கத்து ரிவர்ஸ் மாநிலத்தின் ஆளுநர் ஆல்ஃபிரெட் டியேட்-ஸ்பிஃப், 24 வயதிலேயே அந்தப் பதவிக்கு வந்த கடற்படை அதிகாரி. அன்று அவருக்குப் பிறந்தநாள். ஓக்பெமூடியா அரசின் 'அப்சர்வர்' நாளிதழில், ரிவர்ஸ் மாநில ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகிறார்கள் என்ற செய்தி அன்றைக்குப் பார்த்து வெளிவந்தது. எழுதியவர் அதன் போர்ட் ஹார்கோர்ட் செய்தியாளர் மினேரே அமாக்கிரி. ஆளுநரின் பிறந்தநாளைக் கெடுக்கவே இந்தச் செய்தி என்று முடிவு கட்டி, ஆளுநரின் துணை அதிகாரி அமாக்கிரியைப் பிடித்து வரச் செய்தார். 24 பிரம்படி. உடைந்த பாட்டிலால் தலை மழிக்கப்பட்டது. அமாக்கிரி அஞ்சி ஒதுங்கவில்லை, வழக்குத் தொடுத்தார். 1974இல் நீதிமன்றம் அவருக்குச் சுமார் 10,000 நைரா இழப்பீடு வழங்கியது. நைஜீரிய இதழியல் வரலாற்றில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு அது.

ஒரே காலம், ஒரே பதவி, ஒரே வகை அதிகாரம். ஒரு மாநிலத்தில் அரங்கம் எழுந்தது, மற்றொன்றில் செய்தியாளரின் முதுகு கிழிந்தது. மக்களுக்கு எது வாய்க்கும் என்பது ஆளுநர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்திருந்தது. அதை மாற்றும் வழி அவர்களிடம் இல்லை.

1974 வாக்கில் மக்களின் பொறுமை தேய்ந்திருந்தது. 1976இல் மக்களாட்சிக்குத் திரும்புவோம் என்ற வாக்குறுதியை நிறைவேற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அக்டோபர் 1 அன்று கோவன் அறிவித்தார். 1967 முதல் இருந்த ஆளுநர்களில் பெரும்பாலோர் அப்படியே தொடர்ந்தார்கள். அவர்களில் பலர் மீது ஊழல் புகார்கள் குவிந்தன. 1975 ஜூலை 29 அன்று கோவன் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டுக்காகக் கம்பாலாவில் இருந்தபோது, ஆட்சி அவர் கையை விட்டுப் போனது. புதிய தலைவர் முர்தலா முகமது. பெனினை மீட்டு, அங்கே ஓக்பெமூடியா ஆளுநராக வழிதிறந்த அதே முர்தலா.

அவர் அப்போதிருந்த பன்னிரண்டு மாநிலங்களின் ஆளுநர்களையும் ஒரே நாளில் நீக்கினார். விசாரணைக் குழு அமைத்து அவர்களின் சொத்துகளைத் துருவினார். 1976 பிப்ரவரியில் முடிவு அறிவிக்கப்பட்டது: பத்துப் பேர் குற்றவாளிகள், சொத்துகள் பறிமுதல். குற்றமற்றவர்கள் என்று வெளிவந்தவர்கள் இருவர் மட்டுமே, லாகோஸின் மொபலாஜி ஜான்சனும் மேற்கு மாநிலத்தின் ஒலுவொலே ரொட்டிமியும். ஓக்பெமூடியா அந்தப் பத்துப் பேரில் ஒருவர்.

அறிவிப்பு வந்த சில நாட்களில், பிப்ரவரி 13 அன்று, லாகோஸ் சாலை நெரிசலில் நின்ற காரில் முர்தலா சுட்டுக் கொல்லப்பட்டார். புரட்சிக்குத் தலைமை வகித்தவர் புகா சுகா டிம்கா, பத்தாண்டுக்கு முன் ஓக்பெமூடியாவை ஓவோ வரை துரத்திய அதே மனிதர். அசாபாவில் பெயர் அடிபட்ட இப்ராகிம் டைவோவும் அன்றே க்வாராவில் கொல்லப்பட்டார். டிம்கா பிடிபட்டு, மரண தண்டனைக்கு ஆளானார். அந்தத் தலைமுறை அதிகாரிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. கொன்றவர், கொல்லப்பட்டவர், பதவி தந்தவர், பறித்தவர் எல்லோரும் ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள்.

மிட்-வெஸ்ட் 1976இல் பெண்டல் என்று பெயர் மாறியது. 1979இல் மக்களாட்சி திரும்பியபோது பெண்டல் மக்கள் யு.பி.என். கட்சியின் அம்ப்ரோஸ் அலியைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய்க்குறியியல் பேராசிரியர் அவர். ஓக்பெமூடியா நிறுவிய பெனின் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் பணியாற்றியவர். பள்ளிக் கட்டணத்தை ஒழித்தார், எக்போமாவில் இன்னொரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். கல்விக்கு இருவரும் கொடுத்த முக்கியத்துவத்தைப் பார்த்தால் அலியை ஓக்பெமூடியாவின் வாரிசு என்றே சொல்லத் தோன்றும். அரசியலில் அவர்கள் எதிரெதிர் முகாம்களில் நின்றார்கள்.

1983 ஆகஸ்ட் தேர்தலில் மத்தியில் ஆளுங்கட்சியான என்.பி.என். வேட்பாளராக ஓக்பெமூடியா அலியை எதிர்த்து நின்று வென்றார். முறைகேட்டுப் புகார்கள் நாடு முழுவதும் எழுந்த தேர்தல் அது, பெண்டலும் அதற்கு விலக்கல்ல. ஆனாலும், சொத்து பறிக்கப்பட்டு அவமானத்தோடு வெளியேறிய ஒருவர் எட்டாண்டு கழித்து வாக்குக் கேட்டு வந்து அதே மாநிலத்தின் ஆளுநர் மாளிகைக்குள் நுழைந்தார். விசாரணைக் குழுவின் தீர்ப்பைவிட ஒக்பே அரங்கமும் பல்கலைக்கழகமும் பல வாக்காளர்களின் மனத்தில் பெரிதாக நின்றிருந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை.

அக்டோபர் 1 அன்று பதவியேற்றார். டிசம்பர் 31 அன்று வானொலியில் பிரிகேடியர் சானி அபாச்சாவின் குரல் ஒலித்தது, ஆட்சியை ராணுவம் கைப்பற்றிவிட்டது என்று. புதிய தலைவர் முகமது புஹாரி. பெண்டலுக்கு ஜெரெமையா உசேனி என்ற அதிகாரி ஆளுநராக வந்தார். ராணுவ ஆளுநராக எட்டாண்டு ஆண்டவருக்கு, மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநராகக் கிடைத்தவை மூன்றே மாதங்கள்.

அலியின் கதி இன்னும் கொடியது. ஒரு சாலைத் திட்டத்தின் பணத்தைக் கையாடியதாக ராணுவத் தீர்ப்பாயம் அவருக்கு 100 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அபராதம் கட்டப்பட்ட பிறகு வெளியே வந்தார். 1989இல் காலமானார். அவர் தொடங்கிய எக்போமா பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதற்குப் பிறகு ஓக்பெமூடியா எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்வது எளிதல்ல. தம்மை இறக்கிய ராணுவ ஆட்சிகளிடமே மீண்டும் பதவி ஏற்றார். பாபாங்கிடா ஆட்சியில் தேசிய விளையாட்டு ஆணையத்தின் பொறுப்பு, பிறகு ரயில்வே கழகத்தின் பொறுப்பு. அதுவரை நியாயம் சொல்லலாம், அவருக்குத் தெரிந்த வேலைகள் அவை. ஆனால் 1993 நவம்பரில், சரியாக நடந்த ஒரு தேர்தலை மிதித்து வந்த சானி அபாச்சாவின் அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சராக அமர்ந்தார்.

1994 ஜூலையில் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1993 ஜூன் 12 தேர்தலில் வென்ற அபியோலாவை விடுவிக்க வேண்டும், மக்கள் தீர்ப்பை ஏற்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. சுமார் ஒன்பது வாரம் நாடு தள்ளாடியது. ஆகஸ்டில் அபாச்சா தொழிற்சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைக் கலைத்தார். எண்ணெய்த் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஃபிராங்க் கொக்கொரி கைதானார், விசாரணையின்றி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். அவர் ஓர் உர்ஹோபோ, பழைய மிட்-வெஸ்டின் மகன். அவரைச் சிறையில் வைத்த அரசின் தொழிலாளர் அமைச்சர், அந்த மிட்-வெஸ்டையே கட்டியெழுப்பிய மனிதர். மக்கள் தந்த பதவி பறிபோகும் வலியை நன்றாக அறிந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மன்னிக்கக் கடினமான பக்கம் இதுதான். அரங்கங்களும் கல்லூரிகளும் இதை ஈடுகட்டிவிடாது.

1999இல் மக்களாட்சி திரும்பியபோது, வேட்டுக் கேட்கும் காலம் முடிந்து, சீருடை களைந்தவர்கள் வாக்குக் கேட்கும் காலம் வந்தது. ஓக்பெமூடியா 1983இல் நடந்த வழியில் பலர் வந்தார்கள். லாகோஸின் ராணுவ நிர்வாகியாக இருந்த ஒலகுன்சோயே ஒயின்லோலா 2003இல் ஒசுன் மாநிலத்தின் ஆளுநரானார். 2010இல் நீதிமன்றம் அவருடைய மறுதேர்தல் வெற்றி செல்லாது என்றது. விமானப்படையின் ஜோனா ஜாங் 2007இல் பிளேட்டோவையும், கடற்படைத் தளபதியாக இருந்த முர்தலா நியாக்கோ அதே ஆண்டு அடமாவாவையும் வென்றார்கள். நியாக்கோவை 2014இல் மாநிலச் சட்டமன்றம் பதவிநீக்கம் செய்தது. ராணுவ காலத்து ஆளுநரை இறக்கப் பீரங்கி வண்டி வேண்டியிருந்தது. இவர்களைக் கட்டுப்படுத்த நீதிபதியும் சட்டமன்ற உறுப்பினர்களும் போதுமானவர்களாக இருந்தார்கள். அந்த நடைமுறைகளிலும் குறைகள் இருந்தன. ஆனாலும் அவற்றில் யாரும் காட்டுவழியே உயிர் தப்பி ஓட வேண்டியிருக்கவில்லை.

1991இல் பெண்டல் மாநிலம் எடோ, டெல்டா என்று இரண்டாகப் பிரிந்தது. டெல்டாவின் தலைநகரம் அசாபா. ஓக்பெமூடியா எடோவின் மூத்த அரசியல்வாதியாக, கட்சிப் பூசல்களில் மத்தியஸ்தராக, இறுதிவரை பெனினில் மதிப்போடு வாழ்ந்தார். 2017 மார்ச் 9 அன்று 84 வயதில் லாகோஸில் காலமானார். ஒக்பே அரங்கம் இப்போது சாமுவேல் ஓக்பெமூடியா அரங்கம். கொரோனாவால் தள்ளிப்போன 2020ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு விழா, புதுப்பிக்கப்பட்ட அந்த அரங்கத்தில் 2021 ஏப்ரலில் நடந்தது. பதக்கப் பட்டியலில் டெல்டா முதலிடம், எடோ இரண்டாம் இடம். பழைய மிட்-வெஸ்டின் இரண்டு பாதிகளும் மற்ற மாநிலங்கள் அனைத்தையும் பின்னுக்குத் தள்ளியிருந்தன. அடுத்த விழாவை 2022 இறுதியில் அசாபா நடத்தியது. அதிலும் டெல்டாவே வென்றது.